கொக்குத்தாங்கலில் இரண்டு தண்ணீர்

மொஹசின் சாயபு எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, நான் வாங்கி வைத்த பாதாம் அல்வாவையே தின்றுகொண்டு, "காஞ்சிபுரத்துல இன்னா பாய் கெடைக்கும், இட்லியும் பட்டும்தானே?" என்று கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இத்தனை அவதி வந்திருக்காது. கேட்டுவிட்டார். சம்பந்தி ஆகப் போகிறவர் அப்படிக் கேட்டால் சிரித்து மழுப்பிவிட வேண்டும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"மீன் கெடைக்கும்" என்றேன்.

"மீனா? இந்த ஊர்லயா?" என்று அவர் சிரித்தார். அவர் ஆற்காட்டுக்காரர். சாப்பாட்டு விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் கர்வம் நவாபுக்குக்கூட இருந்திருக்காது. தட்டு பக்கத்தில் வரும்போதே கறி இன்றைக்கு வெட்டியதா நேற்று வெட்டியதா என்று தன் மூக்கு சொல்லிவிடும் என்றார். அந்த மூக்கைப் பற்றி அல்வா தீரும்வரை பேசினார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சாயபு, கொக்குத்தாங்கல் ஏரியில மீன் குத்தகை என்னுது. நிக்காஹ் அன்னிக்குக் காலைல புடிச்ச மீனு, மத்தியானம் உங்க தட்டுல இருக்கும். ஐஸ்ல வெச்ச மீனு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுன்னா என் பேரு ஜாஃபர் இல்ல" என்றேன்.

உள்ளே என் மனைவி சித்தாரா இருமினாள். அவளுக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை.

ஜரிகைக் கடை வைத்திருக்கிறவனுக்கு மீன் குத்தகை எதற்கு என்று நீங்களும் கேட்காதீர்கள். ஊரே கேட்டாகிவிட்டது. அய்யம்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஏரியைச் சும்மா பார்த்தேன், ஆசையாக இருந்தது, எடுத்தேன். ஆனி மாதம் கட்லாக் குஞ்சு விட்டேன். கார்த்திகைக்குள் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. நிக்கத் என் ஒரே பெண். அவள் நிக்காஹ் விருந்துக்கு அந்த மீன்தான் என்று சம்பந்தி வீட்டில் மட்டும் அல்ல, கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லி வைத்தேன். இது தொண்ணூற்றெட்டில். இந்துக்களுக்கும் முகூர்த்த மாதம் என்பதால் காஞ்சிபுரத்துக்குள் மண்டபமே கிடைக்கவில்லை. அய்யம்பேட்டைச் சாலையில், ஏரி வாய்க்கால் ஓரமாக ஒரு மண்டபம் கிடைத்தது. ஏரிக்குப் பக்கம், மீன் கொண்டுவரச் சுலபம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அதற்கு முந்தைய புதன்கிழமை ராம்ப்ரஸாத் வந்தான்.

ராம்ப்ரஸாத் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். சின்னக் காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் மதிலை ஒட்டி வீடு. நெற்றியில் நாமம், கையில் குடை, ஒரு கல்லூரியில் புவியியல் வாத்தியார். பகுதி நேரமாக ஓர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்பது வருஷமாகப் படிக்கிறான். ஆராய்ச்சி எதைப் பற்றி என்கிறீர்கள்? ஏரித் தண்ணீரின் சூட்டைப் பற்றி. மேலே எவ்வளவு சூடு, கீழே எவ்வளவு சூடு, அது எப்போது மாறுகிறது. இதற்காக லாரி ட்யூப் ஒன்றில் உட்கார்ந்து குடையைப் பிடித்தபடி ஏரி நடுவே மிதப்பான். ஒரு கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்குவான். எத்தனை ஆழம் என்று தெரிவதற்காகக் கயிற்றில் ஆள் ஆழத்துக்கு ஒரு நிறமாகப் பட்டு நூல் முடிந்திருப்பான். நூல் என் கடைக் கழிவு. பாட்டில் மேலே வந்ததும் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்ப்பான். தறிக்காரர்கள் கரையில் நின்று, "வாத்தியாரு ஏரிக்கு அரைஞாண் கட்டுறாருபா" என்று சிரிப்பார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

அன்றைக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஜாஃபர், உன் மீனை எல்லாம் நாளைக்கே பிடிச்சுடு" என்றான்.

"ஏன்?"

"ஏரி புரளப் போறது."

நான் அவனை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வெயிலில் சுற்றுகிறவனுக்குச் சில சமயம் அப்படி ஆகும்.

"பால் காய்ச்சறப்போ அடுப்பு எங்க இருக்கு?" என்று கேட்டான்.

"கீழ."

"அதனாலதான் அடிப்பால் சூடாகி மேல வரது, மேல்பால் கீழ போறது, எல்லாம் கலந்துடறது. ஏரிக்கு அடுப்பு மேல இருக்குடா. சூரியன். மேல் தண்ணி சூடாகும், சூடான தண்ணி லேசு, அது மேலயே நிக்கும். அடியில இருக்கறது குளிர்ச்சி, கனம், அது அடியிலயே கிடக்கும். மதகுக்குப் பக்கத்துல ரோடு போடறவா மண்ணெடுத்த பள்ளம் இருக்கு பாரு, அங்க இன்னும் ஆழம். அந்தத் தண்ணி ஆறு மாசமா மேல வரவே இல்லை. ஒரே ஏரிக்குள்ள ரெண்டு தண்ணி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது."

"உங்க தெருவுல ரெண்டு நாமம் இருக்குதே, அந்த மாதிரி."

"அந்த வம்பு நமக்கு வேண்டாம்" என்று வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அடித் தண்ணியில எலையும் சேறும் அழுகி, மூச்சு விடக் காத்தே கிடையாது. மீன் அந்தப் பக்கமே போகாது. இப்போ குளிர் காத்து அடிச்சு, வெயிலும் இல்லேன்னா என்ன ஆகும்? மேல் தண்ணியும் குளிர்ந்து கனமாயிடும். கனமானா கீழ இறங்கும். கீழ இருக்கற அழுகல் மேல வரும். ஏரியே தலைகீழாப் புரண்டுடும்."

"பொரண்டா?"

"மீனெல்லாம் வாயைப் பொளந்துண்டு மிதக்கும்."

அவனுக்குக் கொடுத்த தண்ணீரை வாங்கி நானே குடித்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "மேலுக்கும் கீழுக்கும் இன்னா வித்தியாசம் இப்போ?" என்று கேட்டேன்.

"ஒரு டிகிரி."

"ஒரு டிகிரிக்கா இந்தக் கூத்து!"

"குளிர் தேசத்துல பத்து டிகிரி வேணும். நம்ம ஊர்த் தண்ணி ஏற்கெனவே சூடு. சூடான தண்ணியில ஒரு டிகிரி மாறினாலே கனம் நிறைய மாறும். வங்கக்கடல்ல காத்தழுத்தம்னு ரேடியோல சொல்லியாச்சு. சனிக்கிழமை புரண்டுடும்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கொளுத்திவிட்டது. இவன் ஒன்பது வருஷமாகக் காத்திருப்பதே ஏரி புரளும் அந்த ஒரு நாளுக்காக. ஒவ்வொரு வருஷமும் புரளும்போது இவன் அங்கே இருக்க மாட்டான். ஒரு வருஷம் மைத்துனி சீமந்தத்தில் மாட்டிக்கொண்டான். இன்னொரு வருஷம் பரீட்சை ஹாலில் காவல் நின்றான். ஒரு வருஷம் ஏரிக்கரை வரை வந்துவிட்டு, தெர்மாமீட்டரை வீட்டில் மறந்துவிட்டதாகத் திரும்பிப் போனான். அந்த நாளின் கணக்கை எழுதினால்தான் பட்டம்.

"டேய், என் மீனு சாவணும்னு வேண்டிக்கிறியா நீ?"

"நான் ஏன்டா வேண்டிக்கறேன்? அது பாட்டுக்கு நடக்கறது. நாளைக்கே பிடிச்சு ஐஸ்ல போட்டுடு, யாருக்குத் தெரியப் போறது?"

"ஐஸ்ல போட்டா என் பேரு ஜாஃபர் இல்லன்னு சொல்லிக்கிறேன்."

"பேரை மாத்திக்கோ" என்றான் ராம்ப்ரஸாத்.

நான் அவனோடு பேசவில்லை. பேசவில்லையே தவிர, மறுநாள் அவன் ஏரிக்குப் போனபோது நானும் கூடவே போனேன். மனசு கேட்க வேண்டுமே. மேலே பாட்டில் இறக்கினான், கீழே இறக்கினான், வித்தியாசம் அரை டிகிரிக்கு வந்துவிட்டது என்றான். வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. இருவரும் அய்யம்பேட்டை டீக்கடையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அங்கே திருஞானசம்பந்தம் இருந்தான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன். அவன் பெயரில் ஞானமும் இருக்கிறது, சம்பந்தமும் இருக்கிறது. பேச்சில் இரண்டும் கிடையாது. "இன்னா சார், ஏரிக்கு ஜொரம் எப்பிடிக்கீது?" என்று ராம்ப்ரஸாத்தைச் சீண்டினான்.

வாத்தியார்களிடம் இருக்கும் கோளாறு, கிண்டலாகக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். "உங்க பாஷையிலேயே சொல்றேன், கேளுங்கோ" என்று ஆரம்பித்தான் ராம்ப்ரஸாத். "புடவையில உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர். தனித்தனி நூல். நடுவுல கோர்வை போட்டு ரெண்டையும் சேர்த்து நெய்யறேள். ஏரியில மேல் தண்ணிதான் உடம்பு, அடித் தண்ணிதான் கரை. ரெண்டும் சேர்ந்து இருக்கும், ஆனா கலக்காது. சனிக்கிழமை குளிர் காத்து அடிக்கும், கோர்வை தாங்காது, கரை விட்டுப்போயிடும்."

"கரை விட்டுப்போச்சுன்னா பொடவையே போச்சே சார்!" திருஞானசம்பந்தம் நிஜமாகவே பதறினான். கோர்வை சரியாக விழாமல் கரை பிரிந்த புடவையை முதலாளி அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்த அனுபவம் அவனுக்கு உண்டு.

"போச்சுதான். சனிக்கிழமை கொக்குத்தாங்கல்ல கரை விடறதா இல்லையா, வந்து பாருங்கோ!"

திருஞானசம்பந்தம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளில் ஏறினான். போகும்போது கோர்வையை டீக்கடையிலேயே விட்டுவிட்டு, கொக்குத்தாங்கலில் கரை விடுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை. என் கவலை எனக்கு.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறேன். அய்யம்பேட்டைப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆட்கள் மேல் ஆட்கள். ஒருவன் மடியில் டிவி. அவன் பெண்டாட்டி கையில் ஆன்டெனா, அது ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போகிறவன் வருகிறவனையெல்லாம் குத்திக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் இரண்டு ஆடுகள் சீட்டில் உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர் தொங்கிக்கொண்டு வருகிறார். பிள்ளையார்பாளையத்துக்காரன் ஒருவன் தறியில் இருந்த பாவு நூலை அப்படியே அறுத்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்த்திசையில் ஓடுகிறான்.

"இன்னாபா ஆச்சு?" என்றேன்.

"கொக்குத்தாங்கல் கரை விட்டுப்போவுது பாய்! காலேஜ் வாத்தியாரே சொல்லிக்கிறாரு! நாள் கூடக் குறிச்சிக் குடுத்துட்டாராம்!"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடப் பாவி, புடவைக் கரையைச் சொன்னால் ஏரிக்கரையை உடைத்துவிட்டார்களே! தலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. கரை உடைவதைப் பார்க்க வந்தவன் அந்தக் கரைமேலேயே நின்று கடலை தின்றுகொண்டிருக்கிறான். போலீஸ் ஜீப்பும் வந்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கையில் லத்தியோடு, "புரளி கெளப்புனவன் எவன்?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஏரி நடுவே லாரி ட்யூபில் இருந்து ஒரு கை உயர்ந்தது. "புரளும்னு சொன்னது நான்தான் ஸார்!"

கரைக்கு வரவழைத்தார்கள். குடையை மடக்கிக்கொண்டு, நாமம் கலையாமல் வந்து நின்றான்.

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கறதென்ன ஸார், ஒம்போது வருஷமா சொல்லிண்டிருக்கேன்."

"ஒம்போது வருசமாப் புரளி கெளப்பிக்கினு இருக்கியா?"

"கிளப்பறது நான் இல்லை ஸார். காத்து."

"யோவ், இது புரளியா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு."

"புரளும் ஸார். சத்தியமாப் புரளும்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "புரளின்னா பொய்யிய்யா!"

"இது நிஜப் புரளி ஸார்" என்றான் ராம்ப்ரஸாத்.

நான் குறுக்கே புகுந்து, "சார், அவன் சொன்னது பொடவைக் கரை, ஏரிக்கரை இல்ல" என்றேன். ஏரிக்கும் புடவைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் உடம்பு, கோர்வை, அடித் தண்ணீர் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. நீயும் கூட்டாளியா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

அதற்குள் கங்கையம்மாள் என்று ஓர் அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். இடுப்பில் கோழி. "இன்னாத்துக்கு நின்னு பேசிக்கினு கீறீங்க? மதகைத் தொறந்து வுட்டா தண்ணி எறங்கிடும், கரை நிக்கும். தொறங்கய்யா!" என்றாள். கூட்டம் முழுக்க, தொற, தொற என்று பிடித்துக்கொண்டது. சப்-இன்ஸ்பெக்டருக்கும் வேறு வழி தெரியவில்லை. திறந்தால் கூட்டம் கலையும் என்று நினைத்தார்.

"வாணாம்! என் மீனு போயிடும்!" என்று நான் கத்தினேன்.

"வேண்டாம்! என் அடித் தண்ணி போயிடும்!" என்று ராம்ப்ரஸாத் கத்தினான்.

"எங்க உசுரு பெருசா, உன் மீனு பெருசா?" என்று கங்கையம்மாள் என்னைக் கேட்டாள். நிக்காஹுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கே நாலு பேர் என்னை முறைத்தார்கள்.

நான் ஓடிப்போய் மதகின் வாயில் கரையில் கிடந்த மீன் வலையைக் கட்டினேன். வலை போதவில்லை, லுங்கியையும் கட்டலாமா என்று யோசித்தேன். அதற்குள் நாலு பேர் சேர்ந்து இரும்புத் திருகைச் சுற்றிவிட்டார்கள். அடி மதகு திறந்தது. தண்ணீர் வந்தது. கறுப்பாக வந்தது. அதோடு ஒரு நாற்றமும் வந்தது பாருங்கள், தோபா தோபா! ஊரில் உள்ள அழுகல் முட்டை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உடைத்தால்கூட அப்படி வராது. லத்திக்கு நகராத கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடியது. முதலில் ஜீப்பில் ஏறினவர் சப்-இன்ஸ்பெக்டர். கங்கையம்மாள் கோழியின் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

ராம்ப்ரஸாத் மட்டும் கரையில் உட்கார்ந்து வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் மீனெல்லாம் போச்சாடா?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"மீன் மேலன்னா இருக்கு? போறது அடித் தண்ணி" என்றான். "மதகு அடியிலேர்ந்து இழுக்கறது. மேல் தண்ணி அப்படியே இருக்கும். அழுகலெல்லாம் போயிட்டா சனிக்கிழமை புரள்றதுக்குக் கீழ என்ன மிச்சம் இருக்கும்? உன் மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

நான் எழுந்து ஆடினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த நாற்றத்தில், கரைமேல் தன்னந்தனியாக ஆடினேன். என் அல்லா, அந்தப் புத்திகெட்ட திருஞானசம்பந்தம் நூறு வருஷம் இருக்கட்டும்!

"ஆடு ஆடு. என் ஒம்போது வருஷம் வாய்க்கால்ல போயிண்டிருக்கு" என்றான் ராம்ப்ரஸாத். எனக்கு அப்போது அது மனசில் ஏறவில்லை.

சனிக்கிழமை அவன் சொன்னபடியே காற்று அடித்தது. தூறல். விடிந்ததிலிருந்து ட்யூபில் மிதந்தான். தலை முதல் கால் வரை நனைந்துகொண்டு பாட்டிலை இறக்கினான், ஏற்றினான். மத்தியானம் கரைக்கு வந்து, "மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே சூடு. புரண்டாச்சு, ஆனா ஒண்ணுமே மேல வரலை" என்றான். என் கட்லாக்கள் அவனுக்குப் பின்னால் துள்ளிக்கொண்டிருந்தன. நான் அவனுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் பிடித்தோம். துடிக்கத் துடிக்க அண்டாவில் போட்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். மிளகாய், பூண்டு, எலுமிச்சை தடவி எண்ணெயில் போட்டதும் வாசனை தெருமுனை வரை போயிற்று. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. ஆற்காட்டுக்காரர்கள் பந்திக்கு உட்கார்ந்தார்கள், நடுவில் மொஹசின் சாயபு. தட்டில் மீன் விழுந்தது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது.

மண்டபத்துக்குப் பின்னால் பள்ளம். வெள்ளிக்கிழமை வாய்க்காலில் வந்த கறுப்புத் தண்ணீர் அதில்தான் தேங்கிக் கிடந்தது. காலையிலிருந்து காற்று அந்தப் பக்கமாக அடித்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது ஜன்னல் வழியாகச் சுருண்டு வந்தது பாருங்கள், அழுகல் முட்டை!

மொஹசின் சாயபு கையிலெடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்தார். மூக்கு நிமிர்ந்தது. பந்தி முழுக்கக் கைகள் நின்றன. "ஜாஃபர் பாய்" என்றார் மெதுவாக. "காலைல புடிச்ச மீனா இது?"

ஏரி, மதகு, கோர்வை என்று எதைச் சொல்வது? போலீஸ்காரருக்கே புரியாததைச் சம்பந்திக்கு எப்படிப் புரியவைப்பது? பெண்கள் பக்கத்துத் திரை விலகி நிக்கத்தின் முகம் தெரிந்தது. உங்க அப்பா நாத்த மீன் போட்டு அனுப்பினாரே என்று அந்த வீட்டில் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஒவ்வொரு தடவை அவள் அடுப்பு மூட்டும்போதும் சொல்வார்கள். என் வாய்க்கொழுப்புக்கு என் பெண்ணா அனுபவிக்க வேண்டும்? சித்தாரா திரைக்குப் பின்னால் இருந்து இருமக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ராம்ப்ரஸாத் ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழமும் பாதாம் பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"ஸார், இது மீன் நாத்தம் இல்லை. ஏரி நாத்தம்."

"ரெண்டும் ஒண்ணுதானே ஐயரே?"

"இல்லை. அப்புறம், ஐயங்கார்" என்று திருத்திவிட்டு, மொஹசின் சாயபுவின் தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். "கருவாட்டு வண்டி எங்க தெருவைத் தாண்டிப் போனாலே எங்காத்துல அன்னிக்கு யாரும் சாப்பிட மாட்டா ஸார். அந்த ஆத்துல வளர்ந்த மூக்கு இது. இந்த மீன் துளி கெட்டிருந்தாலும் நான் இங்கேயே விழுந்துடுவேன். பாருங்கோ."

அப்படிச் சொல்லி, பொரித்த மீனில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான். அவன் முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாமத்தின் அடி நுனியில் மிளகாய் மசாலா ஒட்டிக்கொண்டது. மண்டபமே வாய் பிளந்து பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு தும்மல் கேட்டது. விழுகிற சத்தம் கேட்கவில்லை.

"மிளகாய், பூண்டு, எலுமிச்சம்பழம்" என்றான். "நாத்தம் இல்லை. இருக்கறதெல்லாம் அந்த ஜன்னல்ல. போய்ப் பாருங்கோ."

மொஹசின் சாயபு எழுந்து ஜன்னலுக்குப் போனார். தலையை வெளியே நீட்டினார். நீட்டிய வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மென்றார். மீசை அசைந்தது.

"வாஹ்" என்றார். "துடிக்குதுபா இன்னும்!"

பந்தி பாய்ந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். திரைக்குப் பின்னால் சித்தாரா ஓங்கி இருமினாள்.

அதோடு அவன் பாடு தீரவில்லை. அடுத்த பந்திக்கு வந்தவர்களும் மூக்கைச் சுளித்தார்கள். மொஹசின் சாயபுவே, "ஐயங்கார் சாஹிபைக் கூப்பிடு, மோந்து காட்டச் சொல்லு" என்றார். ஒவ்வொரு பந்திக்கும் ராம்ப்ரஸாத் வந்து நின்று, தட்டைத் தூக்கி, மோந்து, தும்மி, ஜன்னலைக் காட்டினான். கடைசிப் பந்தியில் குழந்தைகள் அவன் தும்முவதற்காகவே காத்திருந்து கை தட்டினார்கள். போகும்போது மொஹசின் சாயபு என்னைக் கட்டிப்பிடித்து, அவர் வீட்டு வலீமா விருந்துக்கு அந்த மூக்குக்காரரையும் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார். நிக்கத் காரில் ஏறுமுன் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு, மண்டபத்து வாசற்படியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் மூக்கு பழமாகச் சிவந்து கிடந்தது.

"பட்டம் இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன். அதை நான் கேட்டது அப்போதுதான்.

"மதகைத் திறந்த ஏரியோட கணக்கை ஒத்துக்க மாட்டா, இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பாக்கணும். அடுத்த கார்த்திகைக்குப் புரளும்" என்றான். "ஆனா உன் மீன் இருக்கும். பாவம், அப்போ அதுகள் போயிடும். என்ன பண்றதுன்னு தெரியலை."

"அடுத்த வருசம் மீனு வுடப் போறதில்ல."

"ஏன்டா? குத்தகை இருக்கே?"

"இருக்கட்டும், ஏரி சும்மா கெடக்கட்டும். மதகு மேல நானே உக்காந்துக்கினு இருப்பேன். எவன் கரைன்னு வந்தாலும், போலீசே வந்தாலும் தொறக்க வுட மாட்டேன். நீ நிம்மதியாப் பொரட்டு."

ராம்ப்ரஸாத் சிவந்த மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "நான் புரட்டறது இல்லைடா. அதுவாப் புரளும்" என்று திருத்தினான். திருத்திவிட்டு அழுதான். நானும் அழுதேன். பெண்ணை அனுப்பிவிட்டு அழுகிறோம் என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.